சி நிறைந்துவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது: கணினி கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பல, வேறு வேறு வார்த்தைகளில் ஒரே சங்கடத்தைத்தான் சொல்கின்றன. கணினியில் இடம் இருக்கிறது, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை. அதனால் அச்சுப்பொறி, வைஃபை பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கைப் பிரிப்பது, அதாவது பார்ட்டிஷன் போடுவது பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய லேப்டாப், 512 ஜிபி. கடையிலேயே சி, டி என்று பிரித்துக் கொடுத்தார்கள். சி 100 ஜிபி. இப்போது சி சிவப்பாகிவிட்டது, 2 ஜிபிகூட மீதி இல்லை. டி-யில் 300 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. விண்டோஸ் அப்டேட் பாதியிலேயே நின்றுபோகிறது. எல்லாவற்றையும் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?
— பகோ வாசகி

பதில்: இருக்கிறது அம்மா. ஃபார்மட் வேண்டாம். ஆனால் கை வைப்பதற்கு முன், டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் பொத்தான்மேல் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி வரும். திறந்தால் திரையின் கீழ்ப்பாதியில் நீளமாக ஒரு பட்டை தெரியும். அதுதான் உங்கள் டிஸ்க், இடமிருந்து வலமாக. இடது ஓரத்தில் 100 எம்பி அளவில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். கணினி கிளம்புவதற்கு வேண்டிய கோப்புகள் அதில் இருக்கின்றன, அதைத் தொடக்கூடாது. அடுத்தது சி. அதற்குப் பிறகு சில கணினிகளில் 'ரெக்கவரி' என்று ஒரு கட்டம் வரும், விண்டோஸ் கெட்டால் மீட்க உதவுவது; சிலவற்றில் வராது. பிறகு டி.

இப்போது சி-யின்மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற வரி மங்கிப்போயிருக்கும், அழுத்த முடியாது. 300 ஜிபி காலியாக இருக்கும்போது ஏன் இப்படி? சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல, எதற்கும் ஒதுக்காத இடம் இருந்தால்தான் விண்டோஸ் சி-யை நீட்டித் தரும். உங்கள் காலி இடமோ டி என்ற சுவருக்கு உள்ளே இருக்கிறது.

சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெக்கவரி கட்டம் இல்லையென்றால் வேலை சுலபம். டி-யில் ஏதாவது மென்பொருள் நிறுவியிருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் டி முழுவதையும் நகல் எடுங்கள். எடுத்ததும் அவசரப்படாமல், அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகிப் பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதற்காக உள்ளே சரக்கு இருக்கிறது என்று நம்பக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் டி-யை 'டிலீட் வால்யூம்' செய்யுங்கள். பட்டையில் அந்த இடத்தின் மேல்கோடு கறுப்பாக மாறும். மறுபடி சி-க்குப் போனால் எக்ஸ்டெண்ட் வரி தெளிந்திருக்கும். இரண்டு தடவை 'நெக்ஸ்ட்', பிறகு 'ஃபினிஷ்' அழுத்தினால் மொத்த இடமும் சி-யோடு சேர்ந்துவிடும். பிறகு நகல் எடுத்ததைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

நடுவில் ரெக்கவரி கட்டம் இருந்தால் டி-யை அழித்தும் பயனில்லை, வரி மங்கலாகவே இருக்கும். அந்தக் கட்டத்தை நகர்த்துகிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் டி-யில் 'பாடங்கள்', 'படங்கள்' என்று இரண்டு ஃபோல்டர் போடுங்கள். சி-யில் இருக்கும் 'டாக்குமெண்ட்ஸ்'மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' உள்ளே 'லொகேஷன்' என்ற இடத்தில் புதிய ஃபோல்டரைக் காட்டினால் கணினியே எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைக்கும். 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்கும் அப்படியே. ஃபோல்டரைக் காட்டுங்கள், வெறும் டி-யைக் காட்டிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாமல் குழம்பிப்போகும்.

கடைக்காரர் ஏன் அப்படிப் பிரித்தார் என்றும் சொல்லவேண்டும். அவர்மேல் தப்பில்லை. விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் வைரஸ் புகுந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சி-யை அழித்துத் திரும்பப் போடவேண்டி வந்தது. டி-யில் வைத்தது பிழைத்தது. அந்தப் பழக்கம் கையோடு நின்றுவிட்டது. இன்றைய விண்டோஸில், கோப்புகளை வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அதோடு, டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் போடுகிற எல்லாமே சி-யில்தான் விழுகின்றன. நீங்கள் டி-யில் வைப்பீர்கள் என்று கடைக்காரர் நினைத்தார், நீங்கள் எல்லோரையும்போல டெஸ்க்டாப்பில் வைத்தீர்கள். நூறு ஜிபி என்பது அவருடைய ஊகம். மூன்று வருடம் கழித்து ஒருவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று வாங்குகிற அன்றைக்கு யாரால் சொல்ல முடியும்?

மைக்ரோசாஃப்ட்டே இதில் தடுமாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் பல கணினிகளில் ஏறாமல் 80070643 என்று முடிகிற பிழை எண்ணைக் காட்டியது நினைவிருக்கிறதா? காரணம் அந்த ரெக்கவரி கட்டம்தான். விண்டோஸ் தானே அளந்து போட்ட கட்டம், புதுக் கோப்புக்குப் போதவில்லை. 250 எம்பி கூட்டிக்கொள்ளச் சொல்லி, கட்டளை தட்டிச் செய்கிற நீளமான வழிமுறை ஒன்றை வெளியிட்டார்கள். சாதாரண மக்களால் அது ஆகிற காரியமா? அந்த மாதம் கணினி பழுதுபார்க்கிற என் மேசைக்கு இதே பிழையோடு வந்த லேப்டாப்புகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

கேள்வி: அண்ணே, கல்லூரியில் படிக்கிறேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றுவிட்டது. லினக்ஸ் மின்ட் போடப்போகிறேன். 240 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம். ரூட், ஹோம், பூட், வார், ஸ்வாப் எல்லாவற்றையும் தனித்தனிப் பார்ட்டிஷனாகப் போட்டால்தான் முறை என்கிறான் நண்பன். நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரே வரி வருகிறது. எது சரி?
— மோல்மேன் வாசகர்

பதில்: தம்பி, 'எரேஸ் டிஸ்க்' போடு. பழைய கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போடு, ஏனென்றால் அந்த வரி சொன்னதைச் செய்யும்.

உன் நண்பன் சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. ரூட் என்பது சிஸ்டமும் மென்பொருளும் இருக்கிற இடம், ஹோம் உன் சொந்தக் கோப்புகளுக்கு, பூட் கணினி கிளம்புவதற்கு வேண்டியவற்றுக்கு, ஸ்வாப் ரேம் போதாதபோது கைகொடுப்பதற்கு. பல பேர் ஒரே இயந்திரத்தில் வேலை செய்கிற சர்வரில், 'வார்' என்ற பகுதியில்தான் பதிவுக் கோப்புகள் சேரும். ஏதோ ஒரு நிரல் பித்துப் பிடித்து எழுதிக்கொண்டே போனால் அந்தப் பகுதி மட்டும் நிறையட்டும், சிஸ்டம் முழுவதும் மூச்சுத் திணற வேண்டாம் என்று தனியாக வைப்பார்கள். சர்வருக்கு அது நல்ல ஏற்பாடு. உன்னுடையது ஒரு ஆள் லேப்டாப்.

அவன் சொன்னபடி ரூட்டுக்கு 30 ஜிபி கொடுத்தாய் என்று வை. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது; சிஸ்டம் கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப உதவும், நல்ல சாதனம். நீ வேறு இடம் காட்டாவிட்டால் அந்தப் பழைய நிலைகளையெல்லாம் அது ரூட்டில்தான் சேர்க்கும். ஃப்ளாட்பேக் முறையில் நிறுவுகிற மென்பொருளும் ரூட்டில்தான் குந்தும். ஒரு வருடத்தில் ரூட் நிறைந்துவிடும், ஹோமில் 150 ஜிபி காலியாக இருக்கும். பகோ அம்மாவின் சி, டி கதைதான், பெயர் மட்டும் வேறு. பூட் பகுதியையும் சின்னதாகத் தனியே வைத்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகள் அதில் சேர்ந்து, ஒரு நாள் அப்டேட் அங்கேயும் முட்டி நிற்கும்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டவர்கள் இதைப் பல வருடம் அனுபவித்தார்கள். ஃபெடோராவை நிறுவித் தருகிற மென்பொருள், அதாவது நிறுவி, ரூட்டுக்கு 50 ஜிபி என்று ஒரு வரம்பு வைத்து, மிச்சத்தை ஹோமுக்குக் கொடுத்துவந்தது. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் காலியாக இருக்கிறது என்று பயனர்கள் தவித்தார்கள். 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33-இல், மேசைக் கணினிகளுக்கு டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைப்பதற்கு பிட்டிஆர்எஃப்எஸ் என்ற முறையை இயல்பாக்கினார்கள். அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனிப் பெயரோடு இருக்கும், தனித்தனியே நிலையைச் சேமித்தும் வைக்கலாம், ஆனால் இடம் இரண்டுக்கும் பொது. நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்குள் மூங்கில் தட்டி வைத்துத் தடுப்பார்களே, அப்படி. விசேஷம் என்றால் தட்டியை நகர்த்திக்கொள்ளலாம், செங்கல் சுவர் என்றால் இடிக்கத்தான் வேண்டும்.

டெபியன் என்ற லினக்ஸின் நிறுவியில் எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில் போடுகிற தேர்வுக்குப் பக்கத்திலேயே 'புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதியிருக்கும். புதியவர்கள் என்ற சொல்லைப் பார்த்து உன் நண்பன் மாதிரி ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல வருடமாக இதே வேலை செய்கிற நானும் என் சொந்த லேப்டாப்பில் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்வாப்புக்கும் தனி இடம் வேண்டாம். மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு லினக்ஸில் 17.04 பதிப்பிலிருந்து அது ஒரு சாதாரணக் கோப்பாகவே போகிறது, அளவு போதாவிட்டால் கோப்பைப் பெரிதாக்கினால் போதும். மின்ட்டிலும் அப்படித்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு லினக்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற ஆசை உனக்கு உண்மையிலேயே இருந்தால், ஹோமைத் தனியாக வை. ரூட்டுக்கு 60 ஜிபிக்குக் குறையாமல் கொடு, டைம்ஷிஃப்ட்டை மூன்று நிலைகளுக்கு மேல் சேர்க்கவிடாதே. அந்த ஆசை இருக்கிறதா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும்.

கேள்வி: புது எஸ்எஸ்டி 256 ஜிபி என்று காசு கொடுத்து வாங்கினேன். கணினி 238 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— யாங்கோன், தங்கன்ஜுன் வாசகர்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 256-ஐ அப்படி வகுத்தால் 238 வரும். பொருள் சரியானதுதான்.

கேள்வி: எங்கள் கடையில் ஒரே கணினி, அதில்தான் வரவு செலவு எல்லாம். பேக்கப் ஒழுங்காக டி-யில் எடுத்து வைக்கிறேன். இப்போது இரண்டாவது டிஸ்க் வாங்கியிருக்கிறோம். ரெய்டு போடலாம், எல்விஎம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கலாம், டிஸ்க்குக்குப் பூட்டும் (பிட்லாக்கர்) போடலாம் என்கிறான் மகன். எனக்கு எதுவும் விளங்கவில்லை. எது நல்லது?
— யாங்கோன், பசுண்டாங் வாசகர்

பதில்: ஐயா, முதலில் டி-யில் எடுத்து வைக்கிற பேக்கப்பைப் பற்றிப் பேசவேண்டும். சி-யும் டி-யும் ஒரே பெட்டிக்குள் ஒரே டிஸ்க். திரையில் இரண்டு படமாகத் தெரிவதால் இரண்டு இடம் என்று தோன்றுகிறது. அந்த டிஸ்க் நின்றுபோனால் கணக்கும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். டிக், டிக் என்று சத்தம் வருகிற ஹார்ட் டிஸ்க்கை என் மேசையில் வைத்து, "டி-யில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கஷ்டமான காரியம்.

உங்கள் மகன் சொல்கிற மூன்றும் மூன்று விதம். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதும். ஒன்று செத்தாலும் கடை நிற்காது. ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும், வைரஸ் புகுந்தால் இரண்டிலும் புகும். எல்விஎம் என்பது லினக்ஸ்காரர்களின் ஏற்பாடு. டிஸ்க் இடத்தையெல்லாம் ஒரு பொதுக் கிடங்காக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு வெட்டிக் கொடுக்கும். அதைக் கையாளத் தெரிந்தவர்கள் தொடக்கத்தில் எல்லா இடத்தையும் கொடுத்துவிடமாட்டார்கள். கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருந்து, கேட்கும்போது கூட்டுவார்கள். கூட்டுவது சுலபம், கோப்புகளை அடுக்குகிற இஎக்ஸ்டி4 என்ற முறையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டலாம். குறைப்பதற்கு வேலையை நிறுத்தவேண்டும், எக்ஸ்எஃப்எஸ் என்ற முறையிலோ குறைக்கவே முடியாது. இவ்வளவு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கிடங்காகச் சேர்த்துப் பரப்பிவிட்டால், ஒன்று கெட்டாலும் இரண்டிலும் இருந்தது சிதறிவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கடைக்கு எதற்கு?

உங்களுக்கு நான் சொல்வது இது. கணினிக்குள் ஒரு டிஸ்க், அதில் ஒரே சி. புது டிஸ்க்கை ஒரு வெளிப் பெட்டியில் போட்டு, முடிந்தால் அதேபோல் இன்னொன்றும் வாங்கி, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று என்று நகல் எடுங்கள். நகல் எடுக்காத நேரம் கணினியில் செருகி வைக்காதீர்கள். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும், கடையில் வேண்டாம்.

பூட்டு, அதாவது சாவி இல்லாமல் டிஸ்க்கில் இருப்பதைப் படிக்க முடியாதபடி செய்கிற பிட்லாக்கர், லேப்டாப்புக்கு நல்லது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் நீங்கள் கேட்காமலே பூட்டு விழுந்துவிடும். நாளைக்கு மதர்போர்டு மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் அது இருக்கும். மகனிடம் சொல்லி இன்றைக்கே எடுத்துத் தாளில் அச்சிட்டு, பேரேட்டோடு வையுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கு ஒரு பழைய மேசைக் கணினி கொடுத்திருக்கிறார்கள். சி-யைச் சுருக்கி, பக்கத்தில் லினக்ஸும் போட நினைக்கிறோம். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் போனால் என்ன ஆகும்?
— தட்டோன் வாசகி

பதில்: எந்த வேலையின் நடுவில் போகிறது என்பதைப் பொறுத்தது அம்மா.

காலி டிஸ்க்கில் புதிதாக நிறுவும்போது மின்சாரம் போனால் நஷ்டம் இல்லை. வந்ததும் பென் டிரைவிலிருந்து முதலிலிருந்து தொடங்கலாம். நிறுவி முடிந்த பிறகு போனாலும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 இரண்டுமே, செய்யப்போகும் மாற்றத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்பவை. மறுபடி எழும்போது அதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். பென் டிரைவ்களில் இருக்கும் எஃப்ஏடி32-க்கு அந்தக் குறிப்பேடு கிடையாது, அதனால் பாடக் கோப்புகளை அதில் வைத்தே திறந்து வேலை செய்ய வேண்டாம்.

பயப்படவேண்டியது பார்ட்டிஷனைச் சுருக்குவதும் நகர்த்துவதும். இருக்கிற தரவைக் கட்டம் கட்டமாகத் தூக்கி வேறிடத்தில் வைக்கிற வேலை அது.

யாங்கோனில் அனோரத்தா வீதிக் காளி கோயிலுக்குப் பக்கத்தில் நான் மேசை போட்ட மூன்றாம் வருடம், உளுந்து வியாபாரம் செய்கிற ஒரு அலுவலகத்தின் கணினி வந்தது. சி 30 ஜிபி, நிறைந்துவிட்டது. அந்த 30-ஐப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். டி-யை வலப்பக்கம் நகர்த்திச் சி-க்கு இடம் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு மென்பொருளை ஓடவிட்டேன். வெளியே நகல் எடுக்கவில்லை. பச்சைக் கோடு பாதியைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது தெருவே இருண்டது. யுபிஎஸ் பீப், பீப் என்று அடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் தாங்கியது. பேட்டரி பழையது, எனக்குத் தெரியும். திரை அணைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மின்சாரம் வந்ததும் டி-யைத் தொட்டால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. மீட்பு மென்பொருளால் கொஞ்சம் கிடைத்தது, கோப்புகளின் பெயர் எதுவும் இல்லாமல். அவர்களுடைய கணக்குப்பிள்ளை பதினோரு மாதக் கணக்கைத் தாளிலிருந்து திரும்பத் தட்டினார். அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து, வெளியே நகல் இல்லாமல் யாருடைய பார்ட்டிஷனையும் நான் நகர்த்துவதில்லை, எவ்வளவு அவசரம் என்றாலும்.

அதனால் உங்கள் கணினியில் சுருக்கவே வேண்டாம் என்பேன். பழைய மேசைக் கணினி என்றால் உள்ளே இன்னொரு டிஸ்க் வைக்க இடமும் வயரும் இருக்கும். 120 ஜிபியில் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு லினக்ஸை அதில் நிறுவுங்கள். நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், அப்போது தவறுதலாகக்கூட அதன்மேல் கை படாது. முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம். இயக்கும்போது எது வேண்டும் என்பதைப் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் எஃப்12 அல்லது எஃப்11 விசை. நாளைக்கு லினக்ஸ் வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தால் அந்த எஸ்எஸ்டியைக் கழற்றினால் போதும், விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

மின்சாரம் திரும்பி வந்த உடனே தொடங்காதீர்கள், வோல்டேஜ் நிலைக்கக் கால்மணி நேரம் விடுங்கள். நிறுவும் பென் டிரைவ் 8 ஜிபி போதும், அதை முந்தின நாளே தயார் செய்து, ஒருமுறை அதிலிருந்து கணினி கிளம்புகிறதா என்று பார்த்து வையுங்கள். பிள்ளைகளின் பழைய பாடக் கோப்புகளில் பர்மிய எழுத்து உடைந்து தெரிந்தால் கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். அவை ஜௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற முறையை வரும் இதழில் எழுதுகிறேன்.